வலிப்பு வந்தவரின் கையில் சாவி எதற்கு? முதலுதவி முதல் அறுவை சிகிச்சை வரை

ஹைதராபாத்: பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருவர் திடீரென நிலைகுலைந்து விழுகிறார். கை, கால்கள் வெட்டி இழுக்கின்றன. கூட்டத்திலிருந்து ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து அவரது உள்ளங்கையில் திணிக்கிறார். ஹைதராபாத்தின் அமீர்பேட்டையிலும் சென்னையின் கோயம்பேட்டிலும் இக்காட்சி ஒன்றுதான். சற்று நேரத்தில் வலிப்பு நிற்கிறது; இரும்பே அதை நிறுத்தியது என்ற நம்பிக்கையும் வலுப்படுகிறது. உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே அடங்கிவிடுபவை. சாவியைத் தேடி எடுக்க ஆகும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே.

அந்நேரத்தில் தேவைப்படுவது கடிகாரம். வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கூர்மையான பொருட்களை அகற்றி, தலைக்கு அடியில் மென்மையான துணியை வைத்து, கழுத்தருகே இறுக்கமாக உள்ள ஆடையைத் தளர்த்த வேண்டும். இயன்ற விரைவில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் உமிழ்நீர் மூச்சுக்குழாய்க்குள் செல்லாது. கை, கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. நாக்கை விழுங்கிவிடுவார் என்ற அச்சத்தில் வாய்க்குள் கரண்டியையோ விரலையோ நுழைப்பது பல் உடையவும் விரல் கடிபடவுமே வழிவகுக்கும். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. முழு நினைவு திரும்பும் வரை தண்ணீரும் கொடுக்கக் கூடாது.

வலிப்பு 5 நிமிடங்களைக் கடந்தால், அல்லது நினைவு திரும்பும் முன்னரே மீண்டும் வந்தால், அது மருத்துவ அவசரநிலை. கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தாலும், நீரில் இருக்கும்போது வந்தாலும் காத்திருக்கலாகாது. 2005ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் தொடங்கி, பின்னர் தமிழகம் உட்படப் பல மாநிலங்களுக்குப் பரவிய 108 ஆம்புலன்ஸ் சேவையை உடனே அழைக்க வேண்டும். அடிக்கடி நீண்ட வலிப்பு வருவோரின் குடும்பத்தினர், மூக்கில் தெளிக்கும் மிடசோலம் மருந்தை மருத்துவரின் பரிந்துரையுடன் வீட்டில் வைத்திருக்கலாம்.

மூளைக்குள் நிகழ்வது என்ன?

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின் சைகைகளால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. ஒரு பகுதியிலுள்ள அணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் மின்னேற்றத்தை வெளிப்படுத்தும்போது வலிப்பு உண்டாகிறது. அது எப்பகுதியில் தொடங்குகிறதோ அதற்கேற்ப அறிகுறியும் மாறும். கீழே விழுந்து துடிப்பது மட்டுமே வலிப்பு அல்ல. இல்லாத கருகல் வாடையை உணர்வது, சட்டைப் பொத்தானைத் தன்னை அறியாமல் வருடிக்கொண்டே இருப்பது, சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது ஆகியவையும் வலிப்பாக இருக்கக்கூடும். வகுப்பில் கவனம் இல்லை என்று கண்டிக்கப்படும் குழந்தைகளில் சிலருக்கு இருப்பது இந்தக் கடைசி வகைதான்.

ஒருமுறை வலிப்பு வந்தாலே வலிப்பு நோய் என்று பொருளில்லை. இரத்தத்தில் சர்க்கரை அல்லது சோடியம் குறைவது, நீண்டகால மதுப்பழக்கத்தைத் திடீரென நிறுத்துவது போன்றவை தூண்டும் வலிப்பு, அக்காரணம் சரியானால் நின்றுவிடும். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்குக் காய்ச்சலுடன் வரும் வலிப்பு பெற்றோரைக் கலங்கடித்தாலும், பெரும்பாலும் பின்விளைவின்றி மறைந்துவிடுகிறது. தூண்டுதல் ஏதுமின்றி, 24 மணி நேரத்திற்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வலிப்பு வந்தாலோ, ஒரே வலிப்புக்குப் பின் மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று பரிசோதனைகள் காட்டினாலோ அது வலிப்பு நோய் எனக் கொள்ளப்படுகிறது.

தலைக்காயம், பக்கவாதம், பிறப்பின்போது ஏற்படும் ஆக்சிஜன் குறைபாடு, மரபணுக் கோளாறு எனக் காரணங்கள் பல. இந்தியாவில் முக்கியமான மற்றொரு காரணம் பன்றி நாடாப்புழு. அதன் முட்டைகள் கழுவப்படாத கைகள், அசுத்தமான நீர், காய்கறிகள் வழியாக உடலுக்குள் சென்று மூளையில் கட்டியாகத் தங்குகின்றன. எனவே வாழ்நாளில் இறைச்சியே உண்ணாதவருக்கும் இது வரலாம். ஒரு காலத்தில் சி.டி. ஸ்கேனில் தென்பட்ட இத்தகைய சிறு கட்டிகள் காசநோய்க் கட்டிகள் எனக் கருதப்பட்டு, நோயாளிகளுக்குப் பல மாதங்கள் காசநோய் மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை அழிந்துவரும் புழுக் கட்டிகளே என்பதைத் திசுப் பரிசோதனைகள் மூலம் நிறுவியவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்ட மருத்துவர்கள். தேவையற்ற மருந்திலிருந்து ஏராளமானோரைக் காத்த கண்டறிதல் அது.

நோயைக் கண்டறிய இஇஜி, எம்ஆர்ஐ பரிசோதனைகள் உதவும். ஆயினும் வலிப்பு நோய் உள்ளவருக்கும் இஇஜி இயல்பாக இருக்கலாம். நேரில் பார்த்தவரின் விவரிப்பே மருத்துவருக்கு முதல் ஆதாரம். உதவிக்கு மற்றொருவர் இருந்தால், வலிப்பைச் செல்போனில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுவது மிகவும் பயனளிக்கும்.

மாத்திரை எப்போது நிற்கலாம்?

உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்வதாகவும், முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதற்கு விலையுயர்ந்த மருந்து தேவை என்பதில்லை. 1912ஆம் ஆண்டிலிருந்து பயன்பாட்டில் உள்ள பீனோபார்பிட்டல் இன்றும் பலருக்குப் பலனளிக்கிறது. கார்பமசெபின், வால்புரோயேட், லெவடிரசெட்டம் ஆகியவை நோயின் வகை, வயது, பாலினத்திற்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

சிகிச்சை பெரும்பாலும் தோற்பது இடையில் நிறுத்தப்படுவதால்தான். ஆறு மாதம் வலிப்பு வரவில்லை என்றதும், குணமாகிவிட்டதாக எண்ணி மாத்திரையைக் கைவிடுகின்றனர். இம்மருந்துகள் வலிப்பைத் தடுத்து நிறுத்துகின்றனவே தவிர, அதன் காரணத்தை அகற்றுவதில்லை. திடீரென நிறுத்தினால் அடங்காத தொடர் வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். பொதுவாக இரண்டு ஆண்டுகளேனும் வலிப்பின்றி இருந்த பிறகே, மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். மருந்து தொடங்கிய சில வாரங்களில் தோலில் தடிப்பு தோன்றினால் மட்டும் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் உட்கொண்டும் வலிப்பு அடங்காதோருக்கு மூன்றாவது, நான்காவது மருந்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. வலிப்பு தொடங்கும் இடம் மூளையில் தெளிவாக அடையாளம் காணப்பட்டால், அவர்களுக்கு அறுவை சிகிச்சை பற்றி ஆராய வேண்டும். இது புதிய சிகிச்சை அன்று. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1952ஆம் ஆண்டிலேயே வலிப்புக்கான அறுவை சிகிச்சையைச் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இதற்கெனத் தனித் திட்டம் உள்ளது. ஹைதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும் இவ்வகை அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டுள்ளன.

மருந்துக்கு அடங்காத வலிப்புடைய 116 சிறாரிடம் டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளியானது. ஓராண்டு முடிவில் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 77 விழுக்காட்டினருக்கு வலிப்பு வரவில்லை. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 7 விழுக்காடு. அறுவை சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, ஒரு பக்க உடல் தளர்ச்சி உள்ளிட்ட கடும் பாதிப்புகளும் ஏற்பட்டன. குடும்பத்தினர் இவ்விரண்டையும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

மறைக்கப்படும் மாத்திரை

1999ஆம் ஆண்டு வரை, இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அவ்வாண்டின் சட்டத் திருத்தம் அச்சொல்லை நீக்கியது. சட்டத்திலிருந்து நீங்கியது பெண் பார்க்கும் பேச்சிலிருந்து நீங்கவில்லை. நோயை மறைத்துத் திருமணம் செய்விக்கப்படும் பெண், புகுந்த வீட்டில் யாரும் காணாமல் மாத்திரையை விழுங்க வேண்டியிருக்கிறது. சில நாட்கள் அது இயலாமல் போகிறது. மருந்து தவறுவதுடன் உறக்கக் குறைவும் சேரும்போது, அடங்கியிருந்த வலிப்பு திரும்புகிறது.

கருவுறும் நிலையில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. வால்புரோயேட் கருவில் உள்ள குழந்தையின் உறுப்பு வளர்ச்சியையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. இதைக் கேள்விப்பட்டு மருந்தைத் தாமாக நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் அதைவிட ஆபத்தாக முடியலாம். கருவுறத் திட்டமிடுவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே நரம்பியல் மருத்துவரைச் சந்தித்தால், மாற்று மருந்துக்கு மாறவும் ஃபோலிக் அமிலம் தொடங்கவும் அவகாசம் கிடைக்கும். அச்சந்திப்பில் கணவரும் உடனிருக்கலாம்.