இரண்டு மில்லிமீட்டர் விளிம்பு

ஒரு தீப்பெட்டியைக் கவிழ்த்துக் குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து முனைகள் எல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கி, கட்டாக இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். கட்டு நேராக நிற்காது. மருந்து இருக்கும் பக்கம் பருத்து, மறுபக்கம் ஒடுங்கி, விசிறியாகக் கோணிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் பிரென் என்ற இயந்திரத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். அதன் தலைமேல் வாழைப்பழம் போல வளைந்து ஒரு இரும்புப் பெட்டி நிற்கும். அந்த வளைவுக்கும் உங்கள் கையில் உள்ள குச்சிக் கட்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

அந்தப் பெட்டியை மேகசின் என்பார்கள். கிடங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். சிவகாசிப் பக்கம் வெடிமருந்து வைக்கும் தனிக் கட்டடமும் மேகசின்தான். 1731இல் லண்டனில் ஒருவர் தன் இதழுக்கு, பலசரக்கும் அடைத்த கிடங்கு என்ற பொருளில், இந்தப் பெயரை வைத்தார். பத்திரிகைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

துப்பாக்கி என்றதும் குழலும் விசையும்தான் நம் நினைவுக்கு வரும். பழைய துப்பாக்கிகளைச் சேகரித்துப் பராமரிப்பவர்களோ, தோட்டா சிக்கினால் முதலில் சந்தேகப்படுவது இந்தத் தகரப் பெட்டியைத்தான். உள்ளே இருப்பது ஒரு சுருள்வில், அதன்மேல் ஒரு தட்டு, அதற்கு மேல் அடுக்கிய தோட்டாக்கள். வாயில் இரண்டு பக்கமும் உள்நோக்கி மடித்த தகர விளிம்புகளுக்கு உதடுகள் என்று பெயர். இவ்வளவுதான் பெட்டி. ஆனால் இதற்கு இடப்பட்ட வேலை லேசானதல்ல. பிரென் நிமிடத்துக்குச் சுமார் 500 தோட்டாக்கள் சுடும் வேகம் கொண்டது. அதாவது ஒரு தோட்டாவுக்குக் கிடைப்பது ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் ஒரு பகுதிக்குள், பின்னே போன இரும்புத் தண்டு முன்னே திரும்பி வருவதற்குள், வில் அடுத்த தோட்டாவை வாய்வரை தள்ளி நிறுத்தியாக வேண்டும். ஒரு தோட்டா ஏறத்தாழ 25 கிராம். பெட்டி நிறைந்திருந்தால் முக்கால் கிலோவை உந்தித் தள்ள வேண்டும். கடைசித் தோட்டாவின்போது சுமை இல்லை, ஆனால் வில் நீண்டு வலுவிழந்திருக்கும். இரண்டு நிலைக்கும் ஒரே வில்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி விளிம்புக்கு வருவோம். பிரிட்டன் 1888இல் ஏற்றுக்கொண்டது .303 தோட்டா. நம் ஊர்க் காவலர்களின் தோளில் நெடுங்காலம் தொங்கிய ‘திரீ நாட் திரீ’யின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்தத் தோட்டாவின் அடியில், ஆணியின் கொண்டை போல ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அடிப்பகுதியின் விட்டம் சுமார் 11.7 மில்லிமீட்டர், விளிம்பின் விட்டம் சுமார் 13.7. ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட்ட காலத்தில் அது நல்ல ஏற்பாடு. தோட்டா குழலுக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை விளிம்பே தீர்மானித்துவிடும். சுட்டபின் வெற்றுக்கூட்டைப் பிடித்து இழுக்கவும் அது வாகு. குழலுக்கு வசதியாக இருந்த அதே இரண்டு மில்லிமீட்டர்தான் பெட்டிக்குத் தலைவலியானது.

ஸ்காட்லாந்தில் பிறந்து கனடா வழியாக அமெரிக்காவுக்குப் போன ஜேம்ஸ் பாரிஸ் லீ, 1879இல் செங்குத்துப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். திரீ நாட் திரீயின் முறையான பெயரான லீ-என்ஃபீல்டில் உள்ள லீ அவர்தான். அந்தப் பெட்டியில் தோட்டாக்களை அடுக்கும்போது மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறிப் பின்னால் போய்விட்டால் தீர்ந்தது. மேல் தோட்டாவை முன்னே தள்ளும்போது அது கீழ்த் தோட்டாவின் விளிம்பில் மாட்டி, அதையும் சேர்த்து இழுக்கும். இரண்டும் நகராது. பெட்டியின் உதடுகளையும் அந்தந்தத் துப்பாக்கிக்கு ஏற்றபடி கொஞ்சம் வளைத்துச் சரிசெய்து பொருத்துவதுண்டு. படைவீரன் அந்தப் பெட்டியைக் கழற்றி மாற்றுவது வழக்கமில்லை. பெட்டியைத் துப்பாக்கியிலேயே விட்டு, ஐந்தைந்து தோட்டாக்களாக மேலிருந்து அழுத்தி நிரப்புவான். இரண்டு ஒரே ரகத் துப்பாக்கிகளுக்கு இடையே பெட்டியை மாற்றிப் போட்டு, “பொருந்துகிறதே, ஏன் சிக்குகிறது?” என்று இன்று குழம்புகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். மாட்டிக்கொள்வதும் இசைந்து வேலை செய்வதும் வேறு வேறு.

விளிம்பைக் கைவிட பிரிட்டன் முயலாமல் இல்லை. 1913இல் விளிம்பில்லாத புதுத் தோட்டாவும் அதற்கேற்ற துப்பாக்கியும் சோதனையில் இருந்தன. மறு ஆண்டே முதல் உலகப் போர் வந்தது. கோடிக்கணக்கில் தோட்டா வேண்டிய நேரத்தில் யார் அளவை மாற்றுவார்கள்? பழையதே நீடித்தது. 1930களில் செக்கோஸ்லோவாகியாவின் புர்னோ நகரத்துத் துப்பாக்கி ஒன்று பிரிட்டனுக்குப் பிடித்துப்போனது. விளிம்பு துருத்தாத ஜெர்மானியத் தோட்டாவுக்காகச் செய்தது அது. பெட்டி நேராக இருந்தது. .303க்கு மாற்றியதும், தீக்குச்சிகளின் மருந்து முனைகள் போல விளிம்புகள் ஒரு பக்கத்தைப் பருக்கவைக்க, பெட்டி வளைந்தது. புர்னோவின் பெயரும், பிரிட்டனின் துப்பாக்கி ஆலை இருந்த என்ஃபீல்டின் பெயரும் சேர்ந்து பிரென் ஆயிற்று. பெட்டி 30 தோட்டா கொள்ளும் என்றாலும் 28தான் போடுவார்கள். வில் கொஞ்சம் மூச்சுவிடட்டும் என்ற பட்டறிவு!

விளிம்பு இல்லாவிட்டால் எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். 1941இல் பிரிட்டனில் அவசரத்தில் பிறந்த ஸ்டென் துப்பாக்கியின் 9 மில்லிமீட்டர் தோட்டாவில் துருத்தும் விளிம்பு கிடையாது. ஆனால் அதன் பெட்டியில் இரண்டு வரிசையாக ஏறும் தோட்டாக்கள் வாயருகே நெருக்கி ஒரே வரிசையாக வேண்டும். தேர்த்திருவிழாக் கூட்டம் ஒற்றைக் கதவு வாசலில் நெரிவதுபோல. அரிசி ஆலையில் நெல் இறங்கும் புனலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பதும் இந்த நெரிசலால்தான். கொஞ்சம் தூசி, ஒரு நசுங்கிய உதடு போதும், ஸ்டென் அடம்பிடிக்கும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியைக் கைப்பிடியாக நினைத்துப் பிடித்தால் அதன் பிடிப்பே தளரும்.

ரஷ்யர்களின் பிபிஎஸ்எச்-41 துப்பாக்கிக்கு 71 தோட்டா கொள்ளும் வட்டப் பெட்டி. தொடக்கத்தில் ஒரு துப்பாக்கிக்கென்று பொருத்திய பெட்டி பக்கத்து வீரனின் துப்பாக்கியில் ஏறாமல் போவது சகஜம். ஒரே ஆலை, ஒரே ரகம், ஆனாலும் செருப்பு மாறிப்போன கதைதான். பிறகு 35 தோட்டா கொள்ளும் எளிய பெட்டியும் சேர்ந்தது.

.303இன் விளிம்புக்கு விடை கிடைத்தது 1950களுக்குப் பிறகு. நேட்டோ நாடுகளின் 7.62 மில்லிமீட்டர் தோட்டா விளிம்பு துருத்தாதது. அதற்கு மாற்றிய பிரெனின் பெட்டி ஏறக்குறைய நேராகிவிட்டது. வங்காளத்து இஷாப்பூர் ஆலை, 1962 சீனப் போருக்குப் பின் பழைய லீ-என்ஃபீல்டை அதே தோட்டாவுக்கு மாற்றிச் செய்தது. வெளியே பார்த்தால் கட்டையும் இரும்பும் அசல் திரீ நாட் திரீதான். பத்துக்குப் பதில் பன்னிரண்டு தோட்டா, பெட்டியின் அடி மட்டும் சதுரமாக வெட்டியதுபோல நேராக இருக்கும். அடுத்த முறை கண்ணில் பட்டால் விசைக்கு முன்னால் உள்ள பெட்டியைப் பாருங்கள். அடி சாய்ந்திருந்தால் அதற்குள் அடுக்க வேண்டியது 1888இன் கொண்டைத் தோட்டா.