ஒரு கைப்பிடிக்காக யார் வருவார்கள்?

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலை எட்டு மாதமாகப் பூட்டி வைத்திருந்தது ஒரு பாவாடை நாடா. ஐப்பசி மழையில் ஒரு நாள் கதவு இறுக்கிக்கொண்டது. நான் பலம் காட்டினேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது, ஜன்னல் அப்படியே இருந்தது. அம்மா நாடாவை எடுத்து வந்து, கைப்பிடி இருந்த இடத்தில் மிஞ்சிய ஸ்க்ரூவில் ஒரு முடிச்சும் கிரில் கம்பியில் ஒரு முடிச்சும் போட்டார். “ஆசாரி வர்ற வரைக்கும் இருக்கட்டும்” என்றார்.

ஆசாரி வரவில்லை. போன் செய்தபோது அவர் சொன்னது: “ஒரு கைப்பிடிக்கா சார்? வேற ரெண்டு மூணு வேலை சேத்து வைங்க, வந்து முடிச்சித் தர்றேன்.” அவரைக் குறை சொல்ல முடியாது. பஸ் ஏறி வந்து, நாலு ஸ்க்ரூ முடுக்கி, அதற்கு ஒரு நாள் கூலி கேட்க அவருக்கும் கூச்சம், கொடுக்க நமக்கும் மனம் வராது. இதனால்தான் நம் வீடுகளில் உடைந்த ஜன்னல் கைப்பிடிகள் வருடக்கணக்கில் நாடாவிலும் கட்டுக்கம்பியிலும் மடித்துச் செருகிய அட்டையிலும் காலம் தள்ளுகின்றன.

கடைசியில் நானே மாற்றுவது என்று இறங்கினேன். முதல் தவறை ஹார்டுவேர் கடை வாசலிலேயே செய்தேன்.

“என்ன சைஸ் சார்?”

“ஜன்னல் கைப்பிடிங்க. சாதாரண சைஸ்தான்.”

கடைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “பழச எடுத்துட்டு வாங்க சார்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டார். பழசைத்தான் அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்றே! உடைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் உங்கள் அளவுச்சட்டை.

பழசு கையில் இல்லையென்றால் மூன்று அளவுகள் வேண்டும். ஒரு ஸ்க்ரூ துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரை உள்ள தூரம் முதலாவது. கதவுச் சட்டத்தின் அகலமும் கனமும் அடுத்தது. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: ஜன்னல் சாத்தியிருக்கும்போது கதவுக்கும் கிரில்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நம் ஊர் மர ஜன்னல்களில் கிரில் உள்பக்கம், கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கைப்பிடி இரண்டுக்கும் நடுவே அடங்க வேண்டும். கடையில் கண்ணைப் பறிக்கும் புது மாடல் கைப்பிடி கொஞ்சம் துருத்தலாக இருந்தால் கம்பியில் முட்டும், கதவு சாத்தாது. முட்டாவிட்டாலும் கம்பிக்குள் விட்ட கை அதைப் பிடிக்க இடம் இருக்காது.

துளை அளவு விஷயத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. என் பழைய கைப்பிடியின் துளை இடைவெளி 4 இன்ச், அதாவது 101.6 மில்லிமீட்டர். இப்போது கடையில் கிடைப்பவற்றில் பலவும் 96 மில்லிமீட்டர். ஒரு முனையைப் பழைய துளையிலேயே பொருத்தினால், மறுமுனையில் புதுத் துளைக்கும் பழைய துளைக்கும் நடுவே மிஞ்சுவது நூல் கனத்துக்கு மரம். அதில் ஸ்க்ரூ முடுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே வாரத்தில் கைப்பிடி ஆட ஆரம்பிக்கும்.

இதற்குத் தச்சர்கள் செய்வது எளிது. மூங்கில் குச்சியைத் துளை அளவுக்குச் சீவி, ஃபெவிகாலில் தோய்த்து, துளைக்குள் அடித்து இறக்கி, மேலே துருத்துவதை நறுக்கிவிடுவார்கள். சின்னத் துளைக்குத் தீக்குச்சிகளே போதும், மருந்து முனையைக் கிள்ளிவிட்டு. ஒரு ராத்திரி காய விட்டால் அந்த இடம் மறுபடியும் மரம்தான். காலையில் சின்ன டிரில் முனையால் வழித்துளை போட்டுப் புதிய ஸ்க்ரூவை இறக்கலாம். புது ஓட்டை போடவே வேண்டாம், பழைய துளைதான் லூஸாகிவிட்டது என்றாலும் இதே வைத்தியம்தான். தேக்கு போன்ற கெட்டி மரத்தில் ஸ்க்ரூ பாதியில் நின்றுவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். வெளியே எடுத்து, மரையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துவிட்டு மறுபடி முடுக்குங்கள், வழுக்கிக்கொண்டு போகும். பித்தளை ஸ்க்ரூ என்றால் இன்னும் பக்குவம் வேண்டும். பித்தளை மென்மையானது, திருகும்போதே தலை முறிந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் இறக்கி வழி செய்துகொண்டு, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையைப் போட வேண்டும்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, கம்பிக்குள் கையை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். குட்டை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நீளமானது கம்பியில் இடிக்கும். கைப்பிடியை நூலால் கிரில்லோடு முதலில் கட்டிவிடுங்கள். நான் வாங்கிய முதல் கைப்பிடி மூன்றாவது மாடியிலிருந்து கீழ்வீட்டுக்காரரின் துளசி மாடத்தில் போய் விழுந்தது. அங்கே யாரும் நிற்காதது அவர்கள் செய்த புண்ணியம்.

இத்தனையும் செய்து, புதுக் கைப்பிடி போட்டு, இரண்டே மாதத்தில் அதுவும் ஆட ஆரம்பித்தது. அப்போதுதான் உறைத்தது. தகராறு கைப்பிடியில் இல்லை.

கைப்பிடி சும்மா உடைவதில்லை. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து அகலவாக்கில் உப்புகிறது, சட்டத்தில் இறுக்குகிறது, நாம் பிடித்து இழுக்கிறோம். அல்லது மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்குகிறது, தாழ்ப்பாள் அதன் குழிக்கு நேராக வருவதில்லை, சுத்தியலால் தட்டுகிறோம். அல்லது காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க மாட்டும் கொக்கி என்றோ போய்விட்டது, ஆடி மாதம் முழுக்கக் கதவு படார் படாரென்று அடித்து எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்துகிறது. அடியெல்லாம் வாங்குவது கைப்பிடி.

எங்கே இறுக்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். சட்டத்தின் உள்விளிம்பில் தேய்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் திறங்கள். கதவில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கேதான் உரசல். அந்த இடத்தை மட்டும் இழைப்புளியாலோ உப்புத்தாளாலோ லேசாகத் தேய்க்க வேண்டும். கார்த்திகையில் தாராளமாகச் சீவிவிட்டால் சித்திரையில் கொசு நுழைகிற சந்து விழும், மரம் காய்ந்து சுருங்கிவிடுமே. சீவிய இடத்துக்குப் பெயின்டோ வார்னிஷோ கட்டாயம். வெறும் மரத்தை அப்படியே விட்டால் அடுத்த மழையில் முன்னைவிட அதிகமாகக் குடிக்கும். கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது நாளாக நாளாகப் பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்று தனிப் பிரச்சினை. அங்கே எந்த உலோகம் வாங்குகிறோம் என்பது முக்கியம். ‘எஸ்.எஸ்.’ என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றல்ல. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். மலிவான 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள், உப்புக்காற்றில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, கடலோரத்துக்கு அதுதான் தோதானது, விலையும் அதற்கேற்ப. சில கடைகளில் காந்தத்தை வைத்துக் காட்டி, “பாருங்க, ஒட்டல, ஒரிஜினல்” என்பார்கள். 202-இலும் காந்தம் அநேகமாக ஒட்டாது, அந்தச் சோதனையை நம்பி ஏமாறாதீர்கள். அலுமினியத் தாழ்ப்பாளில் பித்தளை ஸ்க்ரூ போடுவதும் வேண்டாம். ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டச் லாக் அடிக்கடி உடைகிறது என்றால் கீழே தண்டவாளத்தைப் பாருங்கள். மண்ணும் செத்த பூச்சியும் அடைத்து, சக்கரம் தேய்ந்து போயிருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டி எடுத்து, சக்கரத்தை மாற்றினாலே லாக் பிழைத்துக்கொள்ளும்.

புது அப்பார்ட்மென்ட்களில் வருகிற வெள்ளை நிற யு.பி.வி.சி. ஜன்னல் வேறு ஜாதி. அதில் கைப்பிடி வெறும் பிடி அல்ல, சாவி மாதிரி. அதன் பின்னால் ஒரு சதுரக் கம்பி உள்ளே போய் ஒரு கியரைத் திருப்புகிறது, சட்டத்தின் பல இடங்களில் பூட்டு விழுகிறது. பெரும்பாலான மாடல்களில் அந்தக் கம்பி 7 மில்லிமீட்டர் சதுரம், ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி 43 மில்லிமீட்டர். மாறுபடுவது கம்பியின் நீளம், அதை அளந்துகொண்டு போங்கள். நீளம் கூடினால் ஆக்சா பிளேடால் அறுத்துக்கொள்ளலாம், குறைந்தால் கியரைப் பிடிக்காது. ஸ்க்ரூ எங்கே என்று தேடிச் சலித்துவிட வேண்டாம். கைப்பிடியின் அடித்தகட்டு மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினால் மேலும் கீழுமாக இரண்டு ஸ்க்ரூ தெரியும்.

கைப்பிடி சுற்றுகிறது, ஜன்னல் பூட்டவில்லை என்றால் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. கதவைத் திறந்த நிலையில் வைத்துக்கொண்டு பழைய கைப்பிடியைக் கழற்றுங்கள். அதே கனமுள்ள சதுரக் கம்பியைத் துளையில் விட்டுத் திருப்பிப் பாருங்கள். பூட்டு முனைகள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் கைப்பிடிதான் போயிருக்கிறது. நகராவிட்டால் உள்ளே கியர் போயிருக்கிறது, அது கம்பெனி ஆள் வந்து பார்க்க வேண்டிய வேலை. சாத்திய நிலையில் இதைச் செய்து மாட்டிக்கொண்டால் ஜன்னலைத் திறக்கவே வழியிருக்காது. இந்தக் கைப்பிடிகள் பலவும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. பலவந்தம் செய்தால் வளையாது, பட்டென்று ஒடியும்.

என் சமையலறை ஜன்னலுக்கு இப்போது மேல் கீலில் புது ஸ்க்ரூ, வெளியே புதுக் கொக்கி, மூங்கில் குச்சி அடைத்த துளையில் பழைய மாடல் இரும்புக் கைப்பிடி. ஒரு விரலால் திறக்கலாம். நாடாவை அம்மா துவைத்து மடித்து வைத்துவிட்டார்.

கிரில் உள்ள மர ஜன்னலோ ஸ்லைடிங்கோ தீபாவளிவரை காத்திருக்கலாம், நாடா தாங்கும். கிரில் இல்லாத மாடி யு.பி.வி.சி. ஜன்னலும் வீட்டில் சின்னக் குழந்தையும் இருந்தால் மட்டும் அந்தக் கைப்பிடியை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அங்கே குழந்தைக்கும் வெளிக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.