குளிர்சாதனப் பழுதுபார்ப்புத் தொழில்: சான்றிதழ்களும் உரிமங்களும்

குளிர்சாதனப் பழுதுபார்ப்புத் தொழில் என்பது ஏசி, குளிர்பதனப் பெட்டி, குளிர்பதன அறை, வெந்நீர்க் கருவி ஆகியவற்றைப் பொருத்திப் பராமரித்துப் பழுது நீக்கும் தொழிலாகும். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கருவிகளும் இதில் சேரும். செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்த வேலை பெரும்பாலும் குளியலறை கீசர், விடுதிகளின் வெந்நீர் அமைப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. மாமல்லபுரம், கோவளம் கடற்கரை விடுதிகளிலும் செங்கல்பட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் ஏசி வேலையே முதன்மையானது.

"ஏசி லைசென்ஸ்" என்று எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே உரிமம் இந்தியாவில் இல்லை. கைத்திறன், மின்வேலை, வணிகம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சான்றுகள் உள்ளன. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கைத்திறன் சான்றிதழ்

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்பதனம் மற்றும் ஏசி தொழில்நுட்பர் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பாகும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முடிப்பவர் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறுவார். செங்கல்பட்டிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. சேரும் ஆண்டில் எந்தெந்தப் பிரிவுகளில் இடம் உண்டு என்பதை அங்கேயே கேட்டறியலாம்.

படிக்காமல், மூத்த மெக்கானிக்கிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர்களும் பலர். அவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்னும் வழி உள்ளது. ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்து, திறன் இந்தியா திட்டத்தின்கீழ் சான்றிதழ் வழங்குகிறார்கள்.

மின்வேலை உரிமம்

பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். வீட்டிலுள்ள ஏசியைக் கழுவுவது, விசிறி மோட்டாரை மாற்றுவது ஆகியவை கருவியைப் பழுதுபார்க்கும் வேலை. மெயின் போர்டிலிருந்து புதிய வயர் இழுப்பது, மின்சுமையைக் கூட்டுவது ஆகியவை கட்டடத்தின் மின்னமைப்பு வேலை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, பின்னதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் ஒப்பந்ததாரர் உரிமத்தையும், மேற்பார்வையாளர், மின்கம்பியாளர் தகுதிச் சான்றிதழ்களையும் மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கிறது. இவை இல்லாத ஏசி மெக்கானிக், உரிமம் பெற்ற ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வதே முறை. சுமை தாங்காத வயரிலும் எர்த் இல்லாத பிளக்கிலும் ஏசியை இணைப்பது தீவிபத்துக்கும் உயிர்ச்சேதத்துக்கும் இடமளிக்கும்.

வாயுவைக் கையாளுதல்

அமெரிக்காவில் குளிரூட்டும் வாயுவைக் கையாளும் தொழில்நுட்பர் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவது 1994 முதல் கட்டாயம். இந்தியாவில் வீட்டு ஏசி மெக்கானிக்குக்கு அத்தகைய கட்டாயத் தேர்வு இல்லை. ஆனால் ஆபத்து இரு நாட்டிலும் ஒன்றுதான்.

ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றும் தன்மையுடையது. ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பற்றும். எனவே எந்த வாயுவுக்கான ஏசி என்பதை அதன் பெயர்ப்பலகையில் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். ஒரு வாயுவுக்கான ஏசியில் வேறு வாயுவை நிரப்பக் கூடாது. கசிவுச் சோதனைக்கு நைட்ரஜனையே பயன்படுத்த வேண்டும். ஆக்சிஜனை ஏற்றினால் அது கம்ப்ரசர் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்புக் காற்றினால் அலுமினியத் தகடுகளும் செப்புக் குழாய்களும் விரைவில் அரிக்கப்பட்டு வாயு கசிகிறது. கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்பிப் பணம் வாங்குவது வாடிக்கையாளருக்கும் சுற்றுச்சூழலுக்கும் இழப்பு. கசிந்த இடத்தைக் கண்டு அடைத்து, வெற்றிடம் செய்து, எடைபோட்டு நிரப்புவதே சரியான முறை.

வணிகப் பதிவுகள்

• உத்யம் பதிவு: குறு, சிறு தொழில்களுக்கானது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார், பான் கொண்டு இணையத்தில் செய்யலாம். கட்டணம் இல்லை; பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம்.

• ஜி.எஸ்.டி.: சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் ரூ.20 இலட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ரூ.40 இலட்சம் என்ற வரம்பு பொருள் மட்டும் விற்பவருக்கு உரியது. பழுதும் பார்த்து ஏசியும் விற்பவருக்குப் பொருந்தாது.

• உள்ளாட்சி: கடை வைத்தால் நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சியில் தொழில் உரிமம், தொழில் வரி பற்றி விசாரித்து முடிக்க வேண்டும்.

• கடனுதவி: வேலையற்ற இளைஞர்களுக்கான தமிழக அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 25 விழுக்காடு மானியத்துடன் வங்கிக் கடன் பெற வழியுண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

• கழிவு: பழைய ஏசி மின்னணுக் கழிவாகும். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும்.

எதை முதலில் பெறுவது?

உத்யம் பதிவை ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் அது தொழில் இருப்பதைக் காட்டுமே தவிர, தொழில் தெரியும் என்பதைக் காட்டாது. முதலில் திறன் சான்றிதழ், அடுத்து மின்வேலைக்கான தகுதி அல்லது உரிமம் பெற்ற கூட்டாளி, அதன்பின் வணிகப் பதிவு என்ற வரிசையே புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது.