வர்ணனையாளரின் மௌனம்

தொலைக்காட்சிக் கிரிக்கெட் வர்ணனையாளர் மைதானத்தின் மீது ஒரு கண் வைத்திருந்தாலும், பேசும்போது பார்ப்பது எதிரே இருக்கும் மானிட்டரைத்தான். வீட்டில் இருப்பவருக்குத் தெரியாத காட்சியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. காதில் மாட்டிய கருவியில் இயக்குநர் குழுவின் குரல் வந்துகொண்டே இருக்கும்: இதோ ரீப்ளே, அடுத்து ஸ்கோர், ஓவர் முடிந்ததும் விளம்பரம். அதையும் கேட்டுக்கொண்டு, தான் தொடங்கிய வாக்கியத்தைத் தடுமாறாமல் முடிக்க வேண்டும். மேலுதட்டில் ஒட்டிப் பிடிக்கும் ஒருவகை மைக் உண்டு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளி மாறாது, கூட்டத்தின் இரைச்சலும் அதிகம் உள்ளே நுழையாது.

இவையெல்லாம் பழகினால் வந்துவிடும். எளிதில் வராதது, எப்போது பேசாமல் இருப்பது என்ற அறிவு. வானொலியில் வர்ணனையாளர் வாய்மூடினால் ஆட்டமே மறைந்துவிடும். தொலைக்காட்சியில் பாதி வேலையைப் படமே செய்கிறது. அதை முழுமையாக உணர்ந்தவர் ஆஸ்திரேலியாவின் ரிச்சி பெனோ.

1930-இல் பென்ரித்தில் பிறந்த பெனோ, 63 டெஸ்டுகளில் 248 விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர். கேப்டனாக ஒரு தொடரைக்கூட இழக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1956 இங்கிலாந்துப் பயணம் முடிந்ததும் லண்டனில் தங்கி, பிபிசியில் தொலைக்காட்சிப் பயிற்சி பெற்றார். புகழ்பெற்ற வீரருக்கு மைக் தானாக வந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. 1963 முதல் பிபிசி தொலைக்காட்சி, 1977-க்குப் பின் ஆஸ்திரேலியாவின் சேனல் நைன். இரு நாட்டுக் கோடைகளிலும் மாறி மாறி வேலை.

படத்தோடு சேர்க்க ஏதாவது இருந்தால் மட்டும் பேசு என்பது அவருடைய விதி. ஆஸ்திரேலிய அணியை 'நாங்கள்' என்று சொல்லக்கூடாது. நழுவவிட்ட கேட்சைப் பேரழிவு, சோகம் என்று வர்ணிக்கவும் கூடாது. சொற்களை இப்படிச் சேமித்து வைத்தவர் கண்டித்தால் அதற்கு எடை இருக்கும். 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில் நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் ஒரு சிக்ஸர் தேவை. ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல், சிக்ஸர் அடிக்க முடியாதபடி, தம்பி டிரெவரைப் பந்தைத் தரையில் உருட்டிவிடச் செய்தார். அது வெட்கக்கேடு என்று பெனோ திரையில் வெளிப்படையாகச் சொன்னார்.

2005-இல் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்து ரசிகர்களிடம் அவர் விடைபெற்றுப் பேசிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தின் பீட்டர்சனை ஆஸ்திரேலியாவின் மெக்ரா பௌல்டாக்கினார். பெனோ நன்றியுரையை அப்படியே நிறுத்தி, விக்கெட்டைச் சொன்னார். பிறகுதான் தன் பேச்சுக்குத் திரும்பினார். ஆட்டம் முதலில், வர்ணனையாளர் பிறகு.

அடுத்த ஆட்டத்தில் விக்கெட் விழுந்ததும் வர்ணனையாளர் எத்தனை நொடி பொறுக்கிறார் என்று கவனியுங்கள். அவர் தேர்ந்தவரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.