சுபம் போடாத சித்திரக் கதை

கதையென்றால் கடைசியில் கல்யாணம் நடக்க வேண்டும், கெட்டவன் ஜெயிலுக்குப் போக வேண்டும், 'சுபம்' என்று போட வேண்டும். நாம் பழகியது அப்படி. அப்படி முடியாத ஒரு ஜப்பானியச் சித்திரக் கதையைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

வரைந்தவர் யொஷிஹிரோ தட்சுமி. 1935-இல் ஒசாகாவில் பிறந்து 2015-இல் மறைந்தவர். சித்திரக் கதை சிறுவர்களுக்கே என்றிருந்த நாளில், பெரியவர்களின் வறுமையையும் வெட்கத்தையும் வரையத் துணிந்து, 1957-இல் அந்தப் பாணிக்கு 'கெகிகா' என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் தம் இளமையையே 11 ஆண்டுகள் உழைத்து நூலாக்கினார். 'அ டிரிஃப்டிங் லைஃப்' என்று 2009-இல் ஆங்கிலத்திலும் வந்தது. சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூ அதை 2011-இல் 'தட்சுமி' என்ற கார்ட்டூன் படமாக்கினார். 2008-இல் 'மை மேஜிக்' என்ற தமிழ் பேசும் படத்தை கான் விழாவின் போட்டிக்குக் கொண்டுபோனவரும் இவர்தான்!

கதை 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைந்த நாளில் தொடங்குகிறது. ஹிரோஷிக்குப் பத்து வயது. நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போன கொடுமையைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த நாட்டுப் பிள்ளைகளும் பசியில் கிடந்ததை இந்நூலில்தான் பார்த்தேன். ஹிரோஷியின் அண்ணனும் படம் வரைபவன், நோயாளி. தம்பிக்குப் பேர் வரவர அவனுக்குப் பொறாமை. தம்பி வரைந்ததை நாசமாக்குகிறான். சில்லறை கொடுத்து வாடகைக்குப் புத்தகம் எடுக்கும் கடைகள்தாம் ஹிரோஷிக்குச் சோறு போட்டன. ஊரைவிட்டுப் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கு வந்த இளைஞர்கள் அங்கே நிறையப் படித்தார்கள்.

முடிவுக்கு வருகிறேன். 1960-இல் அமெரிக்க ஒப்பந்தத்தை எதிர்த்து டோக்கியோ தெருக்களில் பெருங்கூட்டம். ஹிரோஷி அதில் அகப்பட்டுக்கொள்கிறான். அந்த மக்களின் கோபம்தான் தன் படங்களில் இல்லாமற்போனது என்று அவனுக்குப் படுகிறது. அவ்வளவுதான். அடுத்து ஒரே தாவலில் 1995. குருவைப் போல் மதித்த தெசுகா ஒசாமுவின் நினைவு நாள். வீடு வாங்கினானா என்றுகூட ஒன்றுமில்லை.

கேலாங்கில் ஒரு லோரோங்கில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் என் அக்காள் மகன்தான் இதை எனக்குப் படிக்கக் கொடுத்தான். "800 பக்கம் படிச்சேன் மாமா, ஏமாத்திட்டாரு மனுஷன்" என்று அவனுக்குக் கோபம். எனக்கோ ஏமாற்றம் இல்லை. இருபத்தைந்து வயதில் எவனுக்கு எது முடிந்திருக்கிறது? வேறு எப்படி முடித்திருந்தாலும் அது சினிமாதான் என்றேன். அவன் ஒப்பவில்லை. "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேச வச்சிருக்கலாமே" என்றான். அந்த அண்ணனை நினைத்தால் எனக்கும் நெஞ்சு பிசையத்தான் செய்கிறது. வகுப்பில் நன்றாக வரையும் பிள்ளையைப் புகழும்போது, பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் முகத்தை இப்போதெல்லாம் பார்த்துக்கொள்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு சொல். நூலைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிக்கலாம். படத்தை நீங்கள் முதலில் பாருங்கள். அதில் தட்சுமியின் ஐந்து சிறுகதைகளும் சேர்ந்திருக்கின்றன; ஹிரோஷிமா குண்டு பற்றிய கதை இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுக்கும்.