நான்கு புள்ளி முன்னிலை எத்தனை நிமிடம் தாங்கும்?

கபடியில் நான்கைந்து புள்ளி முன்னிலை எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்விக்கு 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு பதில்கள் கிடைத்தன. பெண்கள் இறுதி ஆட்டத்தில் இந்தியா சீன தைபேயை விட இடைவேளையில் 14-9 என முன்னிலையில் இருந்தது. முடிவில் 26-25 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில்தான் தங்கம் கைக்கு வந்தது. ஆண்கள் இறுதியில் ஈரானுக்கு எதிராக இடைவேளையில் 17-13. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் 28-28 என்று சமமாகி, நடுவர் முடிவு குறித்த நீண்ட தகராறுக்குப் பிறகு 33-29 என இந்தியா வென்றது.

முன்னிலை எவ்வளவு பாதுகாப்பானது என்பதைக் கூடைப்பந்தில் கணக்காகவே எழுதியிருக்கிறார்கள். பேஸ்பால் புள்ளியியலுக்குப் பெயர்பெற்ற பில் ஜேம்ஸ் 2008இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்கு ஒரு சூத்திரம் தந்தார். முன்னிலைப் புள்ளியிலிருந்து 3 கழிக்க வேண்டும். பந்து முன்னணி அணியிடம் இருந்தால் அரைப் புள்ளி கூட்டி, இல்லாவிட்டால் அரைப் புள்ளி குறைத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். மீதமுள்ள விநாடிகளை விட விடை பெரிதானால் ஆட்டம் கைக்குள் வந்துவிட்டது. கையில் பந்தும் 10 புள்ளி முன்னிலையும் இருந்தால் 7.5-ஐ 7.5-ஆல் பெருக்க 56.25 வரும். அதாவது 56 விநாடி மீதமிருந்தால் கவலையில்லை.

பெருக்கல் எதற்கு? 2015இல் கிளாசெட், கோகன், ரெட்னர் ஆகியோர் என்.பி.ஏ. ஆட்டங்களை ஆராய்ந்து இதை விளக்கினார்கள். புள்ளி வித்தியாசம் ஏறக்குறைய குருட்டு நடையாக, முன்னும் பின்னும் ஒழுங்கின்றி நகர்கிறது. அப்படி நகரும் எதுவும் நேரத்துக்கு நேர் விகிதத்தில் விலகாது. நேரத்தின் வர்க்கமூலத்தின் அளவுக்கே விலகும். நேரம் நான்கு மடங்கானால் ஊசலாட்டம் இரண்டு மடங்குதான். 48 நிமிட என்.பி.ஏ. ஆட்டத்தில் இடைவேளையின்போது 18 புள்ளி முன்னிலை இருந்தால், அது 90 சதவீதம் பாதுகாப்பானது என்பது அவர்களின் முடிவு.

இந்த எண்களைக் கபடிக்கு அப்படியே எடுத்துவர முடியாது. வர்க்கமூல விதியைக் கொண்டுவரலாம். ஒரு ரெய்டுக்கு, அதாவது ஒருவர் எதிர்க்களத்துக்குள் பாடிச் சென்று திரும்ப, 30 விநாடி. கடைசி ஐந்து நிமிடத்தில் இரு அணிகளும் பத்துப் பத்து விநாடியில் பாடித் திரும்பினால் எதிரணிக்கு 15 ரெய்டு கிடைக்கும். முன்னணி அணி மட்டும் முழு 30 விநாடியையும் எடுத்துக்கொண்டால் அது ஏழாகக் குறையும். ரெய்டுகள் பாதியானதும் ஆபத்தும் பாதியாகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் வர்க்கமூலப்படி ஊசலாட்டம் குறைவது சுமார் 30 சதவீதம் மட்டுமே. நேரத்தைக் கரைப்பது உதவும், காப்பாற்றிவிடாது.

நேரத்தைக் கரைக்க விதிகளும் அதிகம் இடம் தருவதில்லை. ரெய்டர் யாரையும் தொடாமல், எதிர்க்களத்தில் உள்ள பாக் லைன் கோட்டையும் தாண்டாமல் திரும்பினால் அவுட். டூ ஆர் டை விதி உள்ள போட்டிகளில் அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லையேல் அவுட். ஆனால் இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். பின்தங்கிய அணியின் ரெய்டரைப் பிடிக்கப் பாயாமல் இறுதிக்கோட்டருகே ஒதுங்கி நின்று இருமுறை வெறுங்கையோடு அனுப்பினால், மூன்றாவது முறை நெருக்கடி அவருக்கு.

கூடைப்பந்தில் இல்லாத ஒன்று கபடியில் உண்டு: களத்தில் நிற்கும் ஆட்கள். இங்கே புள்ளிப் பலகை பாதி உண்மையைத்தான் சொல்கிறது. ஏழு பேர் நிற்கும்போது உள்ள நான்கு புள்ளி முன்னிலையும், இரண்டே பேர் நிற்கும்போது உள்ள நான்கு புள்ளி முன்னிலையும் ஒன்றல்ல. அந்த இருவரையும் ஒரே ரெய்டில் தொட்டுவிட்டால் தொட்டதற்கு 2, அணி முழுவதும் வெளியேறியதால் எதிரணிக்குக் கிடைக்கும் லோனாவுக்கு 2. முன்னிலை ஒரு மூச்சில் போய்விடும். ஆறு அல்லது ஏழு பேர் நிற்கும்போது எதிரணி ரெய்டர் போனஸ் கோட்டைக் கடந்து எடுக்கும் போனஸோ வெறும் ஒரு புள்ளி, அதனால் யாரும் வெளியேறுவதில்லை. எனவே கடைசி நேரத்தில் போனஸை விட்டுக்கொடுக்கலாம். ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது. மூன்று பேராகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிய அணி, ரெய்டரைப் பிடித்தால் கிடைக்கும் சூப்பர் டேக்கிளின் இரண்டு புள்ளிக்கு ஆசைப்பட்டுப் பாய்வது, முன்னிலையில் இருக்கும்போது பெரும்பாலும் தவறான பந்தயம்.

மரக்காணம் அருகே உள்ள அனுமந்தை போன்ற சிற்றூர்களின் அணிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இதற்குக் கணினி தேவையில்லை. மீதி நேரம், களத்தில் நிற்கும் ஆட்கள், வெறுமையாகப் போன ரெய்டுகள் ஆகிய மூன்றையும் கோட்டுக்கு வெளியே இருந்து உரக்கச் சொல்ல ஒருவரை நியமித்தால் போதும். கடைசி ஐந்து நிமிடத்தில் அணிக்கு ஸ்கோரை விட அந்த மூன்று எண்களே அதிகம் பயன்படும்.