ஒரு பிடி மண்

2015-ம் வருஷம் பிப்ரவரி 19-ம் தேதி, ராஜஸ்தானத்தில் சூரத்கர் என்னும் ஊரில், மத்திய சர்க்கார் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். குடியானவன் தன் நிலத்தின் குணமறிந்து உரமிட வேண்டுமென்ற நோக்கம் மெச்சத்தக்கதே. ஆனால் மண் எடுக்க அன்று வகுத்த விதியை நோக்குங்கள். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி; மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 25 ஏக்கருக்கு, ஒன்று! ஏக்கரும் அரை ஏக்கருமாக நிலம் துண்டுபட்டுக் கிடக்கும் நாட்டில் அந்த எல்லைக்குள் எத்தனை பேர் அடங்குவர்? ஒருவன் வருஷந்தோறும் தொழுவெரு இட்டிருப்பான். அடுத்தவன் யூரியாவையே நம்பியிருப்பான். இருவருக்கும் ஒரே முடிவு. அயலான் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவன் வழக்கைத் தீர்ப்பதை எந்த நியாயஸ்தலம் ஒப்புக்கொள்ளும்?

ஓர் ஏக்கரில் ஆறு அங்குல ஆழத்து மண் சுமார் 9 லட்சம் கிலோ. அத்தனைக்கும் சாட்சி சொல்ல வருவது அரைக் கிலோ. ஆகவே அதை எடுக்கும் விதத்திலேதான் எல்லாம் இருக்கிறது. ஒரே தன்மையுள்ள வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், சருகும் தாளும் நீக்கி, ஆப்பு வடிவாக ஆறங்குலக் குழி வெட்டி, அதன் பக்கத்தை மேலிருந்து அடிவரை ஒரே கனமாகச் சீவ வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக் குவித்த இடம் ஆகா. சீவிய மண்ணைக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாகக் குறைக்க வேண்டும். பழைய உரச் சாக்கில் கட்டினாலோ, சாக்கே பதில் சொல்லிவிடும்!

இதற்கு மண்வெட்டியும் ஒரு காலைப்பொழுதும் போதும். அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கும் நாளில், உரியவனே தன் மண்ணை எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பக் கற்பிக்க நமது தொண்டர்கள் முன்வருவார்களா?